லோவிசாள் இல்லாத வீட்டுப் பிள்ளைகள்

வேத பாடம்: 2 தீமோத்தேயு 1:5, 3:15, அப்போஸ்தலர் 8:30, 31



தீமோத்தேயு சிறுவயது முதல் வேதத்தை அறிந்திருந்தான். அவன் வீட்டில் விசுவாசமுள்ள பாட்டி லோவிசாளும், தாய் ஐனிக்கேயாளும் இருந்தார்கள். நம் ஓய்வுநாள் பாடசாலைக்குச் சபையை அறியாத வீடுகளிலிருந்து தயங்கித் தயங்கி வரும் பிள்ளைகளுக்கு லோவிசாள் யார்?

என் குறையையே சொல்லுகிறேன். வி.பி.எஸ். முடிந்தபின் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் என் வகுப்புக்கு வந்தான். வசனம் சொன்னால் சுவரிலுள்ள அட்டையில் நட்சத்திரம் ஒட்டுவேன். சபைப் பிள்ளைகளுக்கு ஏழு, எட்டு நட்சத்திரம். அவன் பேருக்கு நேரே ஒன்றுமில்லை. மூன்று வாரம், "அடுத்த வாரம் படிச்சிட்டு வாப்பா" என்று அனுப்பினேன். நாலாவது வாரம் அவன் வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். நான் கொடுத்த வசனச் சீட்டைப் பாடப் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்திருந்தான். அதைக் காட்டி, "யோவான் மூணு, பதினாறுன்னா கணக்காக்கா?" என்றான். என் உள்ளம் குத்தப்பட்டது. அதிகாரம், வசனம் என்று ஒருவரும் அவனுக்குச் சொன்னதில்லை. சோம்பேறி என்று நான்தான் நினைத்துவிட்டேன்.

எத்தியோப்பிய மந்திரி வாசித்தும் விளங்காமல் இருந்தான். பிலிப்பு கீழே நின்று கேள்வி கேட்டதோடு போய்விடவில்லை. ரதத்தில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். 1780ல் இங்கிலாந்தின் கிளஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கினதும், வாரமெல்லாம் வேலை செய்து ஞாயிற்றுக்கிழமை தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காகத்தான். வேதத்தை வாசிக்கும்படி முதலில் எழுத்தைக் கற்றுக்கொடுத்தார்கள்.

நாம் செய்யவேண்டியவை:

1. பெற்றோரைச் சந்தியுங்கள். என்ன கற்றுக்கொடுக்கிறோம் என்று ஒளிக்காமல் சொல்லி, மனப்பூர்வமான சம்மதம் பெறுங்கள்.

2. முதலில் பொருள், பிறகு மனப்பாடம். "ஒரேபேறான" என்றால் என்ன என்று தெரியாத பிள்ளை அதை எப்படி நினைவில் வைக்கும்? வசனத்தை மூன்றாகப் பிரித்து, வாரம் ஒரு பகுதி கொடுங்கள்.

3. கேட்க ஒரு ஆள் வேண்டும். வகுப்புக்கு முன் பத்து நிமிஷம் ஒரு விசுவாசி பக்கத்தில் உட்காரட்டும். வாசிக்கத் தடுமாறினால், நாம் சொல்லச் சொல்ல அவன் சொல்லட்டும்.

4. போன வாரத்து அவனோடு மட்டும் அவனை ஒப்பிடுங்கள். பாஸ்டர் வீட்டுப் பிள்ளையோடு அல்ல.

அந்த அட்டையைக் கழற்றிவிட்டேன். இப்போது ஆளுக்கொரு நோட்டு. சபையிலுள்ள வயதான தாயார் ஒருவர் வாராவாரம் சீக்கிரம் வந்து அவனோடு உட்கார்ந்தார். ஆறாவது வாரம் முழு வசனத்தையும் பிழையில்லாமல் சொன்னான். அன்று புதிதாக வந்த சிறுமியிடம் அவனே போய், விரலை வைத்து, "இது அதிகாரம், இது வசனம்" என்று காட்டிக்கொண்டிருந்தான்!

பிரியமானவர்களே, உங்களுக்குப் போதக வரம் இல்லாமல் இருக்கலாம். ஞாயிறு காலை பத்து நிமிஷம் இல்லையா? ஒரு பிள்ளைக்கு லோவிசாளாய் இருக்கக் கர்த்தர் உங்களை அழைக்கிறார். ஆமென்.