ஆலய வாசலும் அரசின் சட்டமும்

திருவிழாக் காலம் நெருங்கிவிட்டால் ஆலய பரிபாலன சபைச் செயலாளருக்கு இரண்டு வகையான அலுவல்கள் வந்து சேரும். குருக்கள், மேளகாரர், உபயகாரர் ஆகியோரை ஒழுங்கு செய்வது ஒன்று. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி பெறுவதும், தண்ணீருக்கும் துப்புரவுக்கும் பிரதேச சபைக்குக் கடிதம் கொடுப்பதும் மற்றொன்று. கொடியேறுவதற்கு முன்னரே கோவிலும் அரசாங்கமும் சந்தித்துக்கொள்கின்றன. சமயம் வேறு, அரசு வேறு என்று நாம் மேடைகளில் இலகுவாகச் சொல்லிவிடுகின்றோம். ஆயினும் இவ்விரண்டும் எவ்விடத்தில் சேரலாம், எவ்விடத்தில் விலகி நிற்கவேண்டும் என்பதை அடியார்களாகிய நாமும் சற்று ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

எமது பெரிய புராணத்திலேயே இதற்கு இரண்டு முகங்கள் உள்ளன. பல்லவ மன்னன் அழைத்தபோது திருநாவுக்கரசு நாயனார் போக மறுத்தார். நீற்றறையில் இட்டபோதும் அவர் அஞ்சவில்லை. அரசனுடைய ஆணை உள்ளத்து நம்பிக்கையின் வாசலோடு நின்றுவிட வேண்டும் என்பதை வாழ்ந்து காட்டியவர் அவர். அதே ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாண்டிய மன்னனைச் சைவத்துக்கு மீட்டார். மன்னன் மாற நாடும் மாறியது. வாதில் தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறினர் என்றும் அந்நூல் கூறுகின்றது. இதனை வரலாறு என்று ஏற்காத ஆய்வாளர்களும் உளர். எப்படியாயினும் நாவுக்கரசரின் துணிவைப் பெருமையோடு படிக்கும் நாம், கழுவேற்றத்தைப் படிக்கும்போது மனம் சற்றுக் கூசவே செய்கின்றோம். அரச பலம் எமக்கு எதிராக நின்றபோது கொடுமை என்றோம். எம் பக்கம் நின்றபோது அதற்கு வேறு பெயர் வைத்தோமா என்ற வினா எழுகின்றது.

ஈழத்துச் சைவர்களுக்கு இது வெறும் புராணக் கேள்வி அன்று. 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடித்தனர். 1658 இல் வந்த ஒல்லாந்தர் காலத்தில், அரச உத்தியோகம் வேண்டுவோர் ஞானஸ்நானம் பெறவேண்டியிருந்தது. எமது முன்னோர் விரத நாளில் வாழையிலையில் உண்டு, அந்த இலையைத் தெருவில் போடப் பயந்து கூரை இறப்பில் செருகி மறைத்தனர் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஒரு சாப்பாட்டு இலையைக் கூட ஒளிக்கவேண்டிய நிலை! அரசாங்கம் ஒரு சமயத்தைத் தனதாக்கிக்கொண்டால் மற்றைய சமயத்தவனின் அடுக்களை வரை அது வந்துவிடும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

அப்படியானால் சமயத்தவர் பொதுவாழ்வில் தலையிடவே கூடாதா? நல்லைநகர் ஆறுமுக நாவலர் அவ்வாறு ஒதுங்கியிருக்கவில்லை. 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1876, 1877 ஆம் ஆண்டுகளில் பஞ்சமும் வாந்திபேதியும் மக்களை வாட்டியபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். அரசாங்க அதிபர் துவைனம் துரையின் நிருவாகத்தை அச்சமின்றிக் கண்டித்தார். 1879 இல் சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதன் தெரிவாக வேண்டும் என்று பாடுபட்டார். ஆட்சிக் கதிரையைச் சமயத்துக்குக் கேட்டவர் அல்லர் அவர். பசித்தவனுக்காகவும் படிக்கும் பிள்ளைக்காகவும் ஆட்சியாளரிடம் நியாயம் கேட்டவர். இதுவே முறையான தலையீடு என்பது எமது கருத்து. சாதி விடயத்தில் நாவலர் தம் காலத்துக் கட்டுப்பாட்டைத் தாண்டவில்லை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

இனி, சுதந்திர இலங்கையின் சட்டங்களைப் பார்ப்போம். சோல்பரி யாப்பின் 29(2) ஆம் பிரிவு, எந்தச் சமயத்தின் சுதந்திர அனுட்டானத்தையும் பாராளுமன்றம் தடைசெய்யக் கூடாது என்றும், ஒரு சமயத்தாருக்கு மற்றையோருக்கு இல்லாத சலுகையை வழங்கக் கூடாது என்றும் கூறியது. 1972 ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு அதனை நீக்கி, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. 1978 ஆம் ஆண்டின் யாப்பிலும் 9 ஆம் உறுப்புரை அவ்வாறே அமைந்துள்ளது. ஆனால் அதற்கு அடுத்து வரும் 10 ஆம் உறுப்புரையை நம்மில் பலர் வாசிப்பதில்லை. ஒவ்வொருவரும் தாம் விரும்பிய சமயத்தை உடையவராயிருக்கவோ ஏற்கவோ உரித்துடையவர் என்பது அதன் பொருள். வழிபடும், அனுட்டிக்கும், போதிக்கும் உரிமையை 14 ஆம் உறுப்புரை தருகின்றது. ஒன்பதை மாற்றுவதற்கு வேண்டிய மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் மக்கள் தீர்ப்பும் பத்தை மாற்றுவதற்கும் வேண்டும்.

ஏட்டில் உள்ளது எப்பொழுதும் நடைமுறையில் இருப்பதில்லை. 2024 மகா சிவராத்திரியன்று வவுனியா வடக்கு வெடுக்குநாறிமலை ஆதிலிங்கேஸ்வரர் ஆலயத்தில் எண்மர் கைதுசெய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டனர். சில நாட்களின் பின் வவுனியா நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நான்கு சாமப் பூசைக்குப் போனவர் சிறைக்குப் போகும் காலமும் வந்தது. இதனை நாம் கண்டிக்கின்றோம். கண்டிக்கவும் வேண்டும்.

ஆனால், அதே யாப்பின் 12(3) ஆம் உறுப்புரையையும் புரட்டிப் பார்க்கவேண்டும். இனம், சமயம், மொழி, சாதி, பால் காரணமாக எவரும் தமது சொந்தச் சமயத்தின் பொது வழிபாட்டிடத்துக்குள் செல்லத் தடுக்கப்படலாகாது என்கிறது அது. சொந்தச் சமயத்தின் வழிபாட்டிடம்! அந்நியன் வாசலை மறித்த கதை அன்று இது. எமது வாசலை எம்மவருக்கே நாம் மறித்த கதை.

1956 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் முதலிய சில ஆலயங்கள் தாமாகவே கதவைத் திறந்தன. எல்லா ஆலயங்களும் திறக்கவில்லை. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம், சாதியின் பெயரால் மறிப்பதைக் குற்றமாக்கியது. 1968 மகோற்சவ காலத்தில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் அடியார்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். கணிதப் பேராசிரியராயும் அமைச்சராயும் விளங்கிய சி. சுந்தரலிங்கம் முன்னின்று அவர்களை மறித்தார். அவர்மீது அச்சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. ஆகம முறையில் நடக்கும் ஆலயத்துள் அரசாங்கச் சட்டம் நுழைவதா என்று அன்று கேட்டவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். பக்தி உள்ளவர்களும் அவ்வாறு நம்பினார்கள். ஆயினும் அவர்கள் கேட்ட சுதந்திரம் வாசலுக்கு உள்ளே நின்றவருக்கு மட்டும் உரியதாயிற்று. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்து, மாவிட்டபுரமும் உயர் பாதுகாப்பு வலயத்தினுள் அகப்பட்டபோது, மறித்தவரும் மறிக்கப்பட்டவரும் ஒரே முட்கம்பி வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டனர்.

சிறுவயதில் நான் கண்ட ஒரு முதியவர் இன்றும் மனதில் நிற்கின்றார். ஆண்டுதோறும் எமது ஊர்க் கோவில் ஒன்றின் பந்தலுக்குக் கிடுகு பின்னித் தருபவர் அவரே. அவர் பின்னிய கிடுகு மூலஸ்தானத்துக்கு எட்டிய தூரத்தில் நிழல் தரும். அவரோ தேர்முட்டிக்கு அப்பால் நிற்பார். அர்ச்சனை முடிந்ததும் ஐயா ஒரு வெற்றிலையில் திருநீறு மடித்து என்னிடம் தருவார். நான் ஓடிப்போய் அவர் கையில் படாமல் போடவேண்டும். அப்படித்தான் எனக்குச் சொல்லித்தரப்பட்டது. ஒருமுறை கை தவறிப் பட்டுவிட்டது. நான் பயந்தேன். அவர் என்னைவிடப் பயந்து, யாராவது கண்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். திருநாளைப்போவார் நாயனாரின் குருபூசைக்கு அந்தக் கோவிலில் அவல், கடலை குறைவின்றிக் கொடுக்கப்பட்டது என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

இப்பொழுது வாசலில் எவரும் நேரே மறிப்பதில்லை. மறிப்பு வேறிடத்துக்குப் போய்விட்டது. தமிழ்நாட்டில் உள்ளது போல ஆலயங்களை நேரே நிருவகிக்கும் அறநிலையத்துறை எமது நாட்டில் இல்லை. இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களம் ஆலயங்களைப் பதிவுசெய்யும், அறநெறிப் பாடசாலைகளுக்கு உதவும். ஆனால் நிருவாகம் எமது கையிலேயே உள்ளது. பிணக்கு வந்தால் 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஆலயத்தில் அக்கறையுள்ள ஐவர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். எத்தனையோ ஆலயங்கள் இவ்வாறு வழக்கில் கிடக்கின்றன. திருவிழாப் பணம் சட்டத்தரணிக் கட்டணமாகின்றது. அரசே தலையிடாதே என்று காலையில் சொல்லி, மாலையில் நாமே அதன் படலையைத் தட்டுகின்றோம்.

எனவே அன்பர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் ஆலயத்தின் யாப்புப் பிரதியைச் செயலாளரிடம் கேட்டு வாங்குங்கள். பொதுச்சபை உறுப்பினர் யார், உபயகாரர் யார், நிருவாக சபைக்கு யார் வரலாம் என்று எழுதப்பட்டுள்ள பக்கத்தை வாசியுங்கள். 'பரம்பரை', 'பகுதி', 'வழமை' என்ற சொற்கள் எங்கெங்கே வருகின்றன, அவற்றால் யார் வெளியே நிற்கின்றார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். யாப்புத் திருத்தத்தைப் பொதுக்கூட்டத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கவேண்டும். இல்லாவிடில் அது நிகழ்ச்சி நிரலில் சேராது.