நாலு விளக்கு செய்த குழப்பம்

போர் என்றால் எதிரி நாட்டு விமானம் வந்து குண்டு போடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் சொந்த நாட்டு விமானமே சொந்த ஊர் மேல் குண்டு போட்டது தெரியுமா? கதை இல்லை, நிஜமாக நடந்தது.

எங்கே? எப்போது?

இரண்டாம் உலகப்போர் சமயம். 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. உடனே ஆயிரக்கணக்கான விமானிகள் தேவைப்பட்டார்கள். அதனால் இளைஞர்களுக்கு அவசர அவசரமாகப் பயிற்சி கொடுத்தார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் டால்ஹார்ட் என்ற இடத்தில் அப்படி ஒரு விமானத் தளம் இருந்தது.

1943 ஜூலை 5, நள்ளிரவு தாண்டிய நேரம். அங்கிருந்து கிளம்பிய பி-17 விமானம் ஒன்று, கான்லன் என்ற ஊர் பக்கத்தில் உள்ள பயிற்சித் திடலில் குண்டு போட வேண்டும். திடலுக்கு அடையாளம் விளக்குகள். கான்லன், தளத்துக்கு வடகிழக்கே இருக்கிறது. விமானமோ தளத்துக்கு நேர் வடக்கே சுமார் 75 கி.மீ. தள்ளி, ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள பாய்ஸ் சிட்டிக்குப் போய்விட்டது. அந்தச் சின்ன ஊரின் நடுவில் நீதிமன்றம். அதைச் சுற்றி நாலு விளக்கு எரிந்தது. "இதுதான் திடல்" என்று நினைத்துவிட்டார்கள்!

சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொன்றாக ஆறு குண்டு போட்டார்கள். ஒன்று கார் கொட்டகையில் விழுந்தது. ஒன்று சர்ச் பக்கத்தில் விழுந்தது. ஒன்று பெட்ரோல் லாரிக்குக் கிட்ட விழுந்தது. தூங்கிக்கொண்டு இருந்த சனங்கள் பதறி எழுந்தார்கள். மின்சார ஊழியர் ஒருவர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். ஊரே இருட்டானது. விமானமும் திரும்பிப் போய்விட்டது.

ஏன் யாரும் சாகவில்லை?

அவை பயிற்சிக் குண்டுகள். ஒவ்வொன்றும் சுமார் 45 கிலோ. உள்ளே பெரும்பகுதி மணல். விழுந்த இடம் தெரிவதற்குக் கொஞ்சம் வெடிமருந்து. அவ்வளவுதான். நிஜக் குண்டாக இருந்திருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கு.

வழி எப்படித் தப்பும்?

அப்போது செயற்கைக்கோள் கிடையாது. திசைகாட்டி, கடிகாரம், வேகம் இந்த மூன்றையும் வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். பக்கத்திலிருந்து காற்று தள்ளினால் கணக்கு மாறிவிடும். இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு:

60 கி.மீ. பறக்கும்போது திசை 1 டிகிரி தப்பினால், சுமார் 1 கி.மீ. விலகிப் போவோம். 10 டிகிரி தப்பினால் சுமார் 10 கி.மீ.!

பகலில் என்றால் ஆறு, ரயில் பாதை எல்லாம் பார்த்துச் சரி செய்யலாம். ராத்திரியில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும்.

நாம் அறிய வேண்டியது

எதைத் தேடுகிறோமோ அது மாதிரியே ஒன்று தெரிந்தால், மனசு உடனே "இதுதான்" என்று சொல்லிவிடும். அங்கேதான் ஆபத்து. ஒரு அடையாளத்தை மட்டும் நம்பாமல் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். திடல் என்றால் வீடு ஏன்? தெரு ஏன்? அந்த நாலு விளக்குக்குக் கீழே ஒரு ஊரே தூங்கியது.

இன்னொரு விஷயம். அந்தப் போரில் அமெரிக்காவுக்குள்ளேயே விமான விபத்துகளில் சுமார் 15,000 விமானப்படையினர் இறந்தார்கள். நிறையப் பேர் நம்ம அண்ணன்மார் வயசுக்காரர்கள்தான். அவர்கள் போர்க்களத்தைப் பார்க்கவே இல்லை. போர், களத்தில் மட்டும் உயிர் எடுப்பதில்லை. அதற்குத் தயார் ஆகும் போதே எடுக்கிறது.

பாய்ஸ் சிட்டி மக்கள் அந்த இரவுக்கு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள்.

யோசித்துச் சொல்லுங்கள்: 90 கி.மீ. பறக்கும் விமானம் திசையில் 4 டிகிரி தப்பினால் எத்தனை கி.மீ. விலகும்?
(விடை: சுமார் 6 கி.மீ.)

- ஒன்பதாம் வகுப்பு மாணவி