வேலைக்குப் போனால் பிள்ளைப் பணம் நிற்குமா?

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறோம். மூன்று வயதில் ஒரு மகள். நான் வேலைக்குப் போனால், கனடா அரசு தரும் பிள்ளைகளுக்கான உதவித்தொகை நின்றுவிடுமா?

பதில்: நிற்காது சகோதரி, கொஞ்சம் குறையலாம், அதற்காக வேலையை விடாதீர்கள். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அதிகபட்சத் தொகை 7,997 டாலர். உங்கள் இருவரின் நிகர வருமானமும் சேர்ந்து 37,487 டாலரைத் தாண்டினால்தான் கழிவு தொடங்கும். ஒரு பிள்ளை என்றால், தாண்டிய ஒவ்வொரு 100 டாலருக்கும் முதல் கட்டத்தில் 7 டாலர் குறையும். இந்த ஆண்டுச் சம்பளம் அடுத்த ஆண்டு ஜூலையில்தான் கணக்கில் சேரும்; அதற்குள் வீட்டுச் செலவைத் திட்டமிட்டுக்கொள்ளலாம். ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டமான ஆர்.ஆர்.எஸ்.பி.யில் சேமித்தால் நிகர வருமானம் குறையும், உதவித்தொகை கூடும். சம்பாதிக்காத ஆண்டிலும் இருவரும் வரிக்கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். அதைத் தவறவிட்டால் பணம் நின்றுவிடும்.