எண்ணெயின் ஊரைக் கேள்

அன்புள்ள தங்கைக்கு,

பாலிடெக்னிக்கில் வேதிப் பொறியியல் முடித்து, சிங்கப்பூரின் துவாஸ் பக்கம் விமான எரிபொருள் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய். உன்னைப் போல இந்தத் துறைக்குள் புதிதாக வரும் மற்றத் தம்பி தங்கைகளும் படிக்கட்டும் என்றுதான் இதை வெளிப்படையாக எழுதுகிறேன். விமான எரிபொருளின் தரம் பார்ப்பதிலேயே என் வேலைக்காலம் கழிந்தது. உனக்கு நான் சொல்ல நினைப்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான். உன் கருவிகள் ஓர் எரிபொருள் பறக்கத் தகுந்ததா என்று சொல்லிவிடும். அது பசுமையானதா என்று அவற்றால் சொல்ல முடியாது. அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் குடுவைக்கு வெளியே கிடக்கிறது. அதைத் தேடிப் போகும் பழக்கத்தை முதல் ஆண்டிலேயே பிடித்துக்கொள்.

இப்படிச் சொல்வதால் முதல் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதே. 2010 ஏப்ரல் 13 அன்று சுரபாயாவிலிருந்து ஹாங்காங் போன கத்தே பசிபிக் 780 விமானத்தின் விசாரணை அறிக்கையை ஒரு முறையாவது முழுதாகப் படி. சுரபாயா விமான நிலையத்தில் தரைக்கடியில் ஓடும் எரிபொருள் குழாயை நீட்டிக்கும் வேலை நடந்தபோது உப்புநீர் உள்ளே புகுந்தது. எரிபொருள் நிரப்பும் வண்டியின் வடிகட்டியில் நீரை உறிஞ்சுவதற்கென்று ஒரு பாலிமர் இருக்கும். உப்புநீர் பட்டதும் அதிலிருந்து நுண்ணிய உருண்டைகள் பிரிந்து எரிபொருளோடு விமானத்துக்குள் போயின. அவை எஞ்சின்களுக்கு எரிபொருளை அளந்து விடும் வால்வுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. ஹாங்காங்கை நெருங்கும்போது ஓர் எஞ்சின் உயர்ந்த வேகத்திலும் மற்றது மிகத் தாழ்ந்த வேகத்திலும் சிக்கி நின்றன. வழக்கமாக ஏறத்தாழ 140 நாட் வேகத்தில் இறங்க வேண்டிய ஏர்பஸ் 330, 230 நாட் வேகத்தில் ஓடுபாதையைத் தொட்டது. உள்ளே இருந்த 322 பேரும் உயிர் பிழைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த உருண்டைகளை நினைவில் வைத்துக்கொண்டால், மாதிரி எடுக்கும் குப்பியைக் கழுவுவது உனக்கு ஒருநாளும் அலுப்பான வேலையாகத் தோன்றாது.

இனி விமான எரிபொருளாக மாறும் நம் சமையல் எண்ணெய்க்கு வருவோம். தேக்கா நிலைய உணவுக் கடைகளில் வடை பொரித்து மிஞ்சிய எண்ணெய் விமானத்தில் எரியுமா என்று உறவினர்கள் உன்னிடம் கேட்பார்கள். எரியும். ஆனால் அப்படியே ஊற்ற முடியாது. 2008 பிப்ரவரியில் வெர்ஜின் அட்லாண்டிக் தன் போயிங் 747இன் ஓர் எஞ்சினுக்கு மட்டும் தேங்காய் எண்ணெயும் பாபாசு எண்ணெயும் சேர்ந்த எரிபொருளை 20 சதவீதம் கலந்து லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குப் பறந்து காட்டியது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டியில் உறைந்து நிற்பதை ஊருக்குப் போனபோது பார்த்திருப்பாய். விமானம் பறக்கும் உயரத்தில் வெளிக்குளிர் மைனஸ் 56 டிகிரி அளவுக்குப் போகும். ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரி வரை உறையக் கூடாது என்பது விதி. புட்டியில் உறையும் எண்ணெய்க்கும் இந்த விதிக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடப்பதுதான் உன் ஆலை செய்யும் வேலை.

முதலில் எண்ணெயிலிருந்து உப்பு, பாஸ்பரஸ், உலோகங்கள் எல்லாவற்றையும் களைய வேண்டும். சாப்பாட்டு உப்பின் குளோரைடு உலைக்குள் போனால் எஃகையே அரிக்கும். பாஸ்பரஸ் போனால் வினையூக்கியைக் கெடுக்கும். பிறகு உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜனைச் செலுத்த, எண்ணெயில் உள்ள ஆக்சிஜன் நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேறுகிறது. மூலக்கூறின் முதுகெலும்பாக இருந்த கிளிசரால் பகுதி புரோப்பேனாகப் பிரிகிறது. மிஞ்சுவது 16, 18 கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலி. பார்க்கத் தெளிவாக இருக்கும். ஆனால் 16 கார்பன் சங்கிலி 18 டிகிரியிலேயே உறைந்துவிடும். ஆகவே அதை உடைத்து, கிளை விட வைத்து, சிறிதாக்கிய பிறகுதான் அது விமானத்துக்கு ஆகிறது. இதில் செலவாகும் ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருவது. அதை எடுக்கும்போது வெளியாகும் கார்பனும் கணக்கில் சேர வேண்டும். யாராவது '80 சதவீதம் வரை கார்பன் வெளியீடு குறையும்' என்று சொன்னால், அந்த 'வரை' என்ற சொல்லை விட்டுவிடாமல் நீயும் சேர்த்தே சொல்.

இப்படிப் பிறந்த எரிபொருளை அதிகபட்சம் பாதிக்குப் பாதிதான் வழக்கமான மண்ணெண்ணெயோடு கலக்கலாம். இதற்குக் காரணம் அதன் அளவு மீறிய தூய்மை. நறுமணச் சேர்மங்கள் அதில் அநேகமாக இல்லை. அவை இருந்தால்தான் பழைய எஞ்சின்களின் ரப்பர் வளையங்கள் உப்பிக் கசிவை அடைக்கும். 2023 நவம்பர் 28 அன்று லண்டனிலிருந்து நியூயார்க் வரை மாற்று எரிபொருள் மட்டுமே கொண்டு போயிங் 787 பறந்ததே, அதில்கூட 12 சதவீதம் செயற்கை நறுமண மண்ணெண்ணெய் சேர்த்துத்தான் அனுப்பினார்கள்.

சிங்கப்பூருக்கு இதில் இருக்கும் பங்கு சிறியதல்ல. நெஸ்டே நிறுவனத்தின் துவாஸ் ஆலை 2010இல் தொடங்கியது. 160 கோடி யூரோ செலவில் 2023இல் விரிவாக்கிய பிறகு, ஆண்டுக்கு 26 லட்சம் டன் மாற்று எரிபொருள்கள் தயாரிக்கும் திறன் வந்தது. அதில் 10 லட்சம் டன் வரை விமான எரிபொருளாக இருக்கலாம். 2022இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், விமானப் போக்குவரத்து ஆணையம், தெமாசெக்கின் ஜென்ஸீரோ ஆகியவை சேர்ந்து நடத்திய முன்னோட்டத்தில், நெஸ்டேயின் 12.5 லட்சம் லிட்டர் மாற்று எரிபொருளை எக்ஸான்மொபில் மண்ணெண்ணெயோடு கலந்து சாங்கி விமான நிலையத்தின் தரையடிக் குழாயிலேயே அனுப்பியது. கலந்து சான்று பெற்றபின் அதன் பெயர் ஜெட் ஏ-1. குழாய்க்கும் எஞ்சினுக்கும் வேற்றுமை தெரியாது. பொறியாளராக எனக்கு இதில் அளவற்ற மகிழ்ச்சி. உன்னை எச்சரிக்க வேண்டிய இடமும் இதுவேதான்.

வேற்றுமை தெரியாத இடத்தில் பொய் நுழைவது எளிது. கார்பன்-14 சோதனை செய்தால் ஓர் எரிபொருளில் எவ்வளவு பங்கு தாவர, விலங்கு மூலத்திலிருந்து வந்தது, எவ்வளவு பூமிக்கடியிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கலாம். வடைச் சட்டியில் கருகிய எண்ணெயா, நேற்று ஆலையிலிருந்து வந்த புதிய பாமாயிலா என்று அதனால் பிரிக்க முடியாது. ஹைட்ரஜன் உலைக்குள் போய் வந்தால் இரண்டும் ஒன்றே. உலைக்குள் போகும் முன்பு அமில அளவைக் கொண்டு ஓரளவு சந்தேகப்படலாம். ஆனால் புதியதில் கொஞ்சம் பழையதைக் கலந்து கொண்டுவந்தால் அதுவும் ஏமாற்றும்.

ஏன் ஒருவர் புதிய எண்ணெயைப் பழையது என்று விற்க வேண்டும்? பழையதற்குச் சில காலங்களில் விலை அதிகம் என்பதால்தான். மலேசியாவில் அரசு மானியத்தோடு விற்கும் ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலத்தின் விலை 2.50 ரிங்கிட். பயன்படுத்திய எண்ணெய் அதைவிட உயர்ந்த விலைக்குப் போகும் நாளில், பொட்டலத்தைக் கிழித்து நேராகப் பீப்பாயில் ஊற்றுவது லாபமாகிவிடுகிறது. ஏழை வீட்டு அடுப்புக்கு வரவேண்டிய எண்ணெய் அது. அதன் இடத்தை நிரப்ப இன்னொரு செம்பனைத் தோட்டம் தேவைப்படும். அதற்காகக் காடு அழிந்தால், பசுமை என்று முத்திரை குத்திய எரிபொருள் சாதாரண மண்ணெண்ணெயைவிடக் கேடாக முடியும். 2025 ஜனவரியில் இந்தோனேசியா தன் பழைய எண்ணெய் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. வட்டாரத்தில் இந்த எண்ணெய்க்கு எவ்வளவு கிராக்கி என்பதற்கு அதுவே சாட்சி.

அதனால்தான் சொல்கிறேன்: மாதிரியோடு வரும் காகிதங்களையும் படி. ஐஎஸ்சிசி போன்ற சான்றிதழ்கள் எண்ணெய் கிளம்பிய இடத்திலிருந்து ஆலைவரை கைமாறிய வரிசையைச் சொல்ல வேண்டியவை. ஆனால் ஒரு சேகரிப்பாளர் தான் சொல்லும் ஊரில் உள்ள கடைகளால் தரவே முடியாத அளவு எண்ணெயைக் கொண்டுவருகிறாரா என்பதைச் சான்றிதழ் தானாகச் சொல்லாது. யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சிராங்கூன் சாலை, ரேஸ் கோர்ஸ் சாலை உணவகங்களின் பின்கட்டுக்கு ஒருமுறை போய், டின்களில் எவ்வளவு சேர்கிறது, யார் வந்து எடுக்கிறார், எந்தப் புத்தகத்தில் எழுதுகிறார் என்று பார். ஒரு கடை வாரத்தில் எவ்வளவு தரும் என்று உன் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், காகிதத்தில் பொருந்தாத எண் வரும்போது உனக்கு உறுத்தும். அந்த உறுத்தல்தான் இந்தத் தொழிலில் நீ வளர்த்துக்கொள்ள வேண்டிய முதல் திறமை.

அளவு பற்றியும் உனக்கு நேர்மை வேண்டும். நியூயார்க்குக்கு நேரடியாகப் பறக்கும் ஏர்பஸ் 350இன் நீள்தூர வகைக்கு 165,000 லிட்டர் கொள்ளளவு. 18 லிட்டர் டின் கணக்கில் 9,000 டின்னுக்கு மேல். சிங்கப்பூரின் அடுக்களைகள் மட்டும் இதற்குப் போதாது. துவாஸுக்கு மூலப்பொருள் உலகெங்கிலுமிருந்து வருகிறது. 2024இல் உலகம் முழுவதும் தயாரான மாற்று விமான எரிபொருள் ஏறத்தாழ 10 லட்சம் டன். மொத்தத் தேவையில் அது 0.3 சதவீதம். அப்படியானால் மின்கலமோ ஹைட்ரஜனோ ஆகாதா என்று கேட்பார்கள். ஒரு கிலோ மண்ணெண்ணெயில் உள்ள ஆற்றலுக்கு ஏறக்குறைய 45 கிலோ மின்கலம் தூக்க வேண்டும். ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் திரவமாக வைத்தாலும் அதே ஆற்றலுக்கு மண்ணெண்ணெயைப் போல நான்கு மடங்கு இடம் பிடிக்கும். நீண்ட பயணங்களுக்கு இப்போதைக்கு நம் எண்ணெயை விட்டால் வேறு வழி கண்ணில் படவில்லை. குறைவான பொருள் என்பதாலேயே அதில் கலப்படம் செய்வது பெருந்தவறு.

இந்த மாற்று எரிபொருளுக்கு யார் பணம் கட்டுகிறார் என்பதையும் மறக்காதே. 2024 பிப்ரவரியில் விமானப் போக்குவரத்து ஆணையம் வெளியிட்ட திட்டம், மாற்று எரிபொருளின் பங்கு 2026இல் ஒரு சதவீதத்தில் தொடங்கி, உலக நிலவரத்தைப் பொறுத்து 2030க்குள் மூன்று முதல் ஐந்து சதவீதம் வரை போகலாம் என்றது. அதன் விலை வழக்கமான எரிபொருளைப் போலப் பல மடங்கு என்பதால், சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பயணிகளிடம் ஒரு தீர்வை வாங்குவது என்று முடிவானது. 2025 நவம்பரில் அறிவித்தபடி, சிக்கன வகுப்பில் தென்கிழக்காசியாவுக்கு ஒரு வெள்ளி, இந்தியாவை உள்ளடக்கிய தெற்காசியாவுக்கு 2.80 வெள்ளி, ஐரோப்பாவுக்கு 6.40, அமெரிக்காவுக்கு 10.40. உயர் வகுப்புகளுக்கு நான்கு மடங்கு. தொகையை நிலையாக வைத்துவிட்டு, அந்தப் பணத்துக்கு எவ்வளவு எரிபொருள் கிடைக்கிறதோ அதை வாங்குவது என்பது இதன் வடிவம். பயணியின் சுமை திடீரென்று ஏறாது என்பதால் எனக்கு இது நல்ல ஏற்பாடாகவே படுகிறது.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் திருச்சிக்கோ சென்னைக்கோ டிக்கெட் எடுக்கும் கட்டுமானத் தொழிலாளி அந்த 2.80 வெள்ளியைக் கட்டுவார். அவர் ஏறும் விமானத்தின் தொட்டிக்குள்ளேயே அந்தப் பணத்துக்கு வாங்கிய எரிபொருள் போகும் என்று உறுதி கிடையாது. குழாயில் எல்லாம் ஒன்றாகத்தான் ஓடுகிறது. கணக்கு மட்டுமே தனி. ஆகவே அவர் பணம் கொடுத்து வாங்குவது ஒரு கணக்குப் பதிவை. அந்தப் பதிவு பொய்யானால் அவரால் ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது. அவருக்காகக் கண்டுபிடிக்கும் இடத்தில் நீ இருக்கிறாய்.

மூலப்பொருளின் பின்கதையைக் கேட்காததால் வந்த அனுபவம் ஒன்று நம் ஊர்ப்பக்கத்திலும் உண்டு. 2000களின் நடுவில் தமிழ்நாட்டில் எரிபொருளுக்காகக் காட்டாமணக்கு நடச் சொல்லி விவசாயிகளைத் தூண்டினார்கள். தரிசில் வளரும், தண்ணீர் கேட்காது, விதைக்கு நல்ல விலை என்றார்கள். மானாவாரியில் விளைச்சல் சொன்ன அளவுக்கு வரவில்லை. பலர் பிடுங்கி எறிந்தார்கள். தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தில் ஆடுமாடு மேய்ந்துகொண்டிருந்தது, விறகு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. காட்டாமணக்கு எண்ணெயை எரிபொருளாக்கும் தொழில்நுட்பத்தில் குறை கிடையாது. டேராடூன் இந்திய பெட்ரோலிய நிறுவனம் சத்தீஸ்கர் காட்டாமணக்கிலிருந்து எடுத்த எரிபொருளைக் கலந்து, 2018 ஆகஸ்ட் 27 அன்று ஸ்பைஸ்ஜெட் விமானம் டெல்லிக்குப் பறந்து இறங்கியது. எண்ணெய் பறந்தது, அதை விளைவித்தவன் பிழைத்தானா என்பது வேறு கேள்வி. நாளை கடற்பாசி, வேளாண் கழிவு, காற்றிலிருந்து பிடித்த கார்பன் என்று புதிய மூலங்கள் உன் மேசைக்கு வரும். ஒவ்வொன்றிடமும் இதே கேள்வியைக் கேள்: இது இங்கே வருவதற்கு முன் யாருக்குப் பயன்பட்டது?

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தபடியே கொள்முதல் பிரிவை அயலாராக நினைத்துவிடாதே. மாதம் ஒரு முறையாவது அவர்களோடு உட்கார்ந்து, எந்தச் சேகரிப்பாளரிடமிருந்து எவ்வளவு வந்தது என்ற பட்டியலைக் கேள். எண் உறுத்தினால் எழுத்தில் கேள்; பதில் வரும்வரை அந்தத் தொட்டிக்குப் பசுமைச் சான்று கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போடாதே. சரக்குக் கப்பல் காத்திருக்கிறது என்பார்கள். காத்திருக்கட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்