இலையில் எள் தெளித்தது போல

ஆண்டு 1943. ஊர் கல்கத்தா. இன்று அதைக் கொல்கத்தா என்கிறோம்.

கிராமங்களிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக அந்த நகரத்துக்கு வந்தார்கள். வீடு வீடாகப் போய்க் கை நீட்டினார்கள். அவர்கள் சோறு கேட்கவில்லை. சோறு வடித்த கஞ்சித்தண்ணீரைத்தான் கேட்டார்கள். சோறு கேட்டால் யாரும் போடமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். வங்காளிகள் வடிகஞ்சியை ‘ஃபேன்’ என்பார்கள். “அம்மா, கொஞ்சம் ஃபேன் கொடுங்கள்” என்ற குரல் தெருவெல்லாம் கேட்டது. பலர் நடைபாதையிலேயே இறந்தார்கள்.

வங்கத்தில் இந்தப் பஞ்சத்தில் 15 லட்சம் பேர் இறந்ததாக அரசின் விசாரணைக் குழு சொன்னது. 30 லட்சம் வரை இருக்கும் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் பலர் சொல்கிறார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் நெல் விளைவித்த ஊர்க்காரர்கள். அப்படியிருந்தும் ஏன் பட்டினி?

முந்தின ஆண்டு வயலைப் பார்ப்போம். வங்கத்தின் பெரிய நெற்பயிருக்கு ‘ஆமன்’ என்று பெயர். நம் சம்பாவைப் போல மழைக்காலத்தில் வளரும். 1942இல் அந்தப் பயிரின் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. பயிர் பூக்கும் காலத்தில் மழை, மேகமூட்டம், புழுக்கம். புள்ளிகள் வேகமாகப் பரவின. கல்கத்தாவுக்கு வடக்கே சின்சுராவில் நெல் ஆராய்ச்சிப் பண்ணை இருந்தது. அங்கேயே சில ரகங்களில் பாதிக்கு மேல் விளைச்சல் போனது. இதை ஆராய்ந்தவர் பத்மநாபன் என்ற விஞ்ஞானி. 1973இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார்.

நோய் மட்டும்தான் காரணமா? இல்லை. 1942 அக்டோபரில் மேதினிப்பூரில் பெரும் புயல் அடித்தது. போரினால் பர்மா அரிசி நின்றுபோனது. எதிரி கையில் சிக்கக் கூடாது என்று ஆங்கில அரசு மக்களின் படகுகளைப் பறித்தது. விலையோ ஏறிக்கொண்டே போனது. 1942 டிசம்பரில் ஒரு மணங்கு அரிசி, அதாவது 37 கிலோ, 14 ரூபாய்க்குள் கிடைத்தது. அடுத்த ஆகஸ்டில் 37 ரூபாய்! கூலியாளின் கூலி அப்படி ஏறவில்லை. 1943இல் இருந்த அரிசி 1941இல் இருந்ததைவிடக் குறைவில்லை என்று அமர்த்தியா சென் 1981இல் கணக்குக் காட்டினார். அரிசி இருந்தது. வாங்கக் காசு இல்லை. அறிஞர்கள் இதில் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் நோய் வந்த வயலில் கூலி வேலையும் குறையும். முதலில் அடி வாங்குபவர் கூலியாள்தான்.

அந்தப் பழுப்புப் புள்ளி நோய் நம் ஊரிலும் உண்டு. இது பூஞ்சணத்தால் வருகிறது. ஊறுகாய் ஜாடியில் வெள்ளையாகப் பூக்கிறதே, அந்த இனம். புள்ளி எள் விதை அளவில் இருக்கும். நடுவில் சாம்பல் நிறம், சுற்றிலும் மஞ்சள். நோய் முற்றினால் நெல்மணியும் கறுக்கும். (பருத்தி இலைப்புள்ளி வேறு பூஞ்சணம். அதில் வட்டத்துக்குள் வட்டம் தெரியும்.)

இந்தப் பூஞ்சணம் விதைக்குள் ஒளிந்திருந்து அடுத்த போகத்துக்கு வரும். அதனால் நோய் கண்ட வயலின் நெல்லை விதைக்கு வைக்கக் கூடாது. தண்ணீரில் உப்பைக் கரையுங்கள். நல்ல கோழிமுட்டை மிதந்து, பழைய நாலணாக் காசு அளவுக்கு மேலே தெரியும்வரை உப்புச் சேருங்கள். பிறகு முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டுங்கள். மிதக்கும் பதரையும் கறுப்பு நெல்லையும் அள்ளி எறியுங்கள்.

“உப்புத்தண்ணியா? முளைப்பு கெடாதா?” என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். கெடாது. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, விதையை இரவு முழுவதும் ஊறவிடுங்கள். இது நன்மை செய்யும் நுண்ணுயிர். நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும்.

சத்துக் குறைந்த மண்ணிலும், தண்ணீருக்குத் தவிக்கும் பயிரிலும்தான் இந்த நோய் அதிகம். ஏழையின் வயலைத் தேடி வரும் நோய் என்றே சொல்லலாம். தொழுஉரம் இடுங்கள். மண்ணைச் சோதித்து, சாம்பல் சத்து குறைவாக இருந்தால் பொட்டாஷ் இடுங்கள். வரப்புப் புல்லை வெட்டுங்கள். அதிலும் பூஞ்சணம் தங்கும்.

புள்ளி பரவத் தொடங்கினால், கடைக்காரர் கொடுக்கும் மருந்தை அப்படியே வாங்கி அடிக்காதீர்கள். புள்ளி விழுந்த இலைகள் நாலைந்தைப் பறித்துக்கொண்டு வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். எந்த மருந்து, எத்தனை கிராம் என்று கேட்டு, அதை ஒரு தாளில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.