பனங்களிப் பொறி: ஆக்கவுரிமை கேட்கச் செய்து காட்ட வேண்டுமா?

கேள்வி: பனம்பழத்தில் இருந்து களி எடுக்க ஒரு பொறியை வரைந்து வைத்திருக்கிறேன். களியைக் காயவைத்துப் பினாட்டுப் போடும் காலத்தில் வீட்டுப் பெண்கள் கையால் பிசைந்து படும் பாட்டைப் பார்த்து வந்த யோசனை. செய்து பார்க்கக் காசு போதாது. மாதிரிப் பொறி இல்லாமல் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா? யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடக்கும் வர்த்தகக் கண்காட்சியில் வைத்தால் முதல் போட யாராவது வருவார்கள் என்கிறார் நண்பர். வைக்கலாமா, ஐயா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: விண்ணப்பிக்கலாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மாதிரிப் பொறி கேட்பதில்லை. கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு வேண்டியவை விவரணம், உரிமைக் கோரல்கள், தேவையான வரைபடங்கள், சுருக்கம். தொழில் தெரிந்த ஒருவர் அதை வாசித்து அதே பொறியைச் செய்துவிடக்கூடிய அளவுக்கு விவரணம் தெளிவாக இருக்கவேண்டும்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் விண்ணப்பத்தோடு சிறிய மாதிரியையும் சேர்த்தே கொடுக்கவேண்டியிருந்தது. 1880இல் அந்த விதி கைவிடப்பட்டது. அதற்கு முன்பே, 1876 பெப்ரவரி 14இல் கிரஹாம் பெல் தொலைபேசிக்கு விண்ணப்பித்தார். அதே நாளில் எலிஷா கிரே என்ற இன்னொரு கண்டுபிடிப்பாளரும் தொலைபேசி பற்றிய தன் குறிப்பை அதே ஆக்கவுரிமை அலுவலகத்தில் பதிந்தார். மார்ச் 7இல் பெல்லுக்கு உரிமை கிடைத்தது. அவருடைய கருவி பேச்சைத் தெளிவாகக் கடத்தியதோ மார்ச் 10இல்தான். கருவி பேசட்டும் என்று காத்திருந்தால் அவர் பிந்தியிருப்பார்.

ஆனால் உங்கள் விஷயம் வேறு. களி எடுக்கும் பொறிகள் ஏற்கெனவே உண்டு. ஆகவே 'களி எடுக்கும் பொறி' என்ற எண்ணத்துக்கு உரிமை கிடைக்காது. புதிதாக இருக்கவேண்டியது நீங்கள் அதைச் செய்யும் விதம். அந்த விதம் வரைபடத்தில் முழுதாகத் தெரியாது. ஒரு பழத்தில் ஒரு கொட்டையும் இருக்கும், மூன்றும் இருக்கும். ஒரே இடைவெளியில் வைத்த உருளை சின்னக் கொட்டையைத் தொடாமல் விடும், பெரியதில் இறுகி நிற்கும். தும்பு தண்டில் சுற்றிக்கொண்டு மோட்டரைத் திணறடிக்கும். தண்ணீர் கூட விட்டால் களி இலகுவாகக் கழன்று வரும், பினாட்டுக் காயத்தான் நாள் எடுக்கும். இந்தச் சிக்கல்களில் ஒன்றை நீங்கள் அவிழ்க்கும் இடத்தில்தான் உங்கள் கண்டுபிடிப்பு இருக்கிறது. உரிமைக் கோரலில் எழுதவேண்டியதும் அதைத்தான். விண்ணப்பம் போன பிறகு கண்டுபிடிக்கும் திருத்தத்தைப் பழைய விண்ணப்பத்துக்குள் செருக முடியாது. புதிதாக ஒன்று போடவேண்டும்.

அதனால் முழுப் பொறிக்குக் காசு தேடி அலையாதீர்கள். கையால் சுற்றும் ஒரு சட்டகம், இரண்டு உருளை, ஒரு சல்லடை போதும். வருகிற ஆவணிப் பழத்தில் ஓட்டிப் பாருங்கள். கைதடியில் உள்ள பனை ஆராய்ச்சி நிறுவனம் உங்களுக்குக் கிட்ட. இதுவரை வந்த பொறிகள் என்னென்ன என்று அங்கே விசாரியுங்கள், உங்கள் வரைபடத்தை வெளியே எடுக்காமல். சட்டகத்தைச் செய்துதரும் லேத் பட்டறைக்காரரிடம் இரகசியம் காப்பதாக ஒரு கடிதத்தில் கையொப்பம் வாங்குங்கள். தும்புச் சிக்கலுக்கு வழி சொன்னவர் அவரென்றால் கண்டுபிடிப்பாளராக அவர் பெயரும் சேரவேண்டும். இதை மறைப்பது அநியாயம். பின்னால் உரிமைக்கே வழக்காகலாம்.

கண்காட்சிக்கு இப்போது வேண்டாம். நீங்களே வெளிப்படுத்தியிருந்தால், அன்றிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க எங்கள் சட்டம் இடம் தருகிறது. இந்தியாவில் இந்தச் சலுகை மிகக் குறுகியது, ஐரோப்பாவில் ஏறத்தாழ இல்லை. பனை நிறைந்த தமிழ்நாடுதான் உங்களுக்குப் பெரிய சந்தை. முற்றவெளியில் ஒரு நாள் வைத்ததற்காக அதை இழக்கக்கூடாது. முதலில் கொழும்பில் விண்ணப்பித்துத் திகதியைப் பெறுங்கள். பிறகு தாராளமாகக் காட்டலாம். அந்தத் திகதியில் இருந்து 12 மாதத்துக்குள் இந்தியாவிலும் விண்ணப்பித்தால் அங்கேயும் கொழும்புத் திகதியே முன்னுரிமைத் திகதியாகக் கணக்கில் வரும்.