கப்பலில் ஏறுமுன்பே ஏறிவிடும் சுமை

நம்பிக்கை: கடல் கடந்து வருவதால்தான் எல்.என்.ஜி. எனும் திரவ இயற்கை எரிவாயுவுக்குக் கார்பன் சுமை அதிகம்.

உண்மை: பழி கப்பலுக்கு, வினை வேறிடத்தில். ராபர்ட் ஹோவார்த் என்ற கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் 2024-இல் அமெரிக்க ஏற்றுமதி எல்.என்.ஜி.யை அலசினார். மொத்தச் சுமையில் கப்பல் பயணத்தின் பங்கு அதிகபட்சம் 8 சதவீதம். வாயுவைத் தோண்டி எடுத்து, சுத்திகரித்து, குழாயில் குளிர்விக்கும் ஆலைவரை கொண்டுவருவதற்கு மட்டும் 38 சதவீதம். கடைசியில் அடுப்பிலோ மின்நிலையத்திலோ எரிப்பதற்கே 34 சதவீதம்தான்!

இடையில் குளிர்விக்கும் ஆலை இருக்கிறது. வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் கொண்டுபோனால் திரவமாகி, பருமன் 600-இல் ஒரு பங்காகச் சுருங்கும். அந்தக் குளிரை உண்டாக்க, ஆலைக்கு வரும் வாயுவிலேயே பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக எரிந்துபோகிறது.

கப்பலும் முழு நிரபராதி அல்ல. தொட்டியில் தினமும் ஆவியாகும் வாயுவை எஞ்சினே எரித்துக்கொள்கிறது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிலவகை எஞ்சின்களில் வாயுவிலுள்ள மீத்தேனின் ஒரு பகுதி எரியாமலே புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும்.

நம்பிக்கை: எப்படிப் பார்த்தாலும் எல்.என்.ஜி.யின் சுமை நிலக்கரியில் பாதிதான்.

உண்மை: மின்நிலையப் புகைபோக்கியில் மட்டும் அளந்தால் ஏறக்குறைய சரி. வழியில் கசியும் மீத்தேனைச் சேர்த்தால்தான் வம்பு. 20 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும்; 100 ஆண்டுக் கணக்கில் சுமார் 30 மடங்கு. ஹோவார்த் 20 ஆண்டை எடுத்தார், எல்.என்.ஜி. நிலக்கரியைவிட 33 சதவீதம் மோசம் என்றார். எரிவாயுத் துறை கடுமையாக மறுத்தது. சர்வதேச எரிசக்தி முகமையோ, உலக சராசரியில் நிலக்கரியைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவு என்கிறது. கசிவு எவ்வளவு, எத்தனை ஆண்டுக் கணக்கு என்ற இரண்டும் மாறினால் விடையும் மாறும். இவ்விரு கணக்குகளில் எதை ஏற்றாலும், ‘பாதி’ என்ற விளம்பர வாசகம் நிற்காது. 2019-இல் திறக்கப்பட்ட எண்ணூர் எல்.என்.ஜி. இறக்குமதி முனையம் உட்பட, வாங்குகிற எவரும் கேட்க வேண்டியது சராசரியை அல்ல; எந்த எரிவாயு வயல், எவ்வளவு கசிவு என்பதைத்தான்.

நம்பிக்கை: வெளிவரும் கார்பனைப் பூமிக்குள் புதைத்துவிடுகிறார்கள்.

உண்மை: சில இடங்களில் மட்டும், அதுவும் அரைகுறையாக. மேற்கு ஆஸ்திரேலியாவின் கார்கன் எல்.என்.ஜி. திட்டத்தில் வயலிலிருந்து வாயுவோடு வரும் கார்பன் டை ஆக்சைடில் 80 சதவீதத்தைப் புதைக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏற்றுமதி 2016-இல் தொடங்கியது. புதைக்கும் வேலை 2019 ஆகஸ்டில். தொடங்கிய பிறகும் அந்த 80-ஐ எட்டவில்லை.